பேராண்டிக்குப் பாட்டையா சொன்ன கிரிப்டோ புத்தி

ஏலே பேராண்டி, உங்க சங்கத்துக்கு இனிமே கிரிப்டோவுலதான் நிதி திரட்டணும்னு தீர்மானம் போட்டிருக்கியளாமே. ரொம்ப சந்தோசம்லே. முதலாளித்துவத்த ஒழிக்க முதலாளிமாருக்கே வெளங்காத காசப் புடிச்சிட்டிய. நெஞ்சுல சிவப்பு பேட்ஜக் குத்திக்கிட்டு, விலை ஏறுதா எறங்குதான்னு நிமிசத்துக்கு ஒருக்கா செல்போனப் பாக்கியே, பங்குச்சந்தைத் தரகன்கூட சோறு திங்கும்போது போனைக் கீழ வைப்பான்.

கோவிச்சுக்காத. கண் ஆபரேசன் பண்ணுனதுல இருந்து எனக்கு எழுத்து பளிச்சுன்னு தெரியுது. நீ தூங்குனப்புறம் உன் போன்லயே எல்லாத்தையும் படிச்சேன்.

மொதல்ல பிட்காயின், உங்க சங்கம் ரெண்டு பேரு சாதகத்தையும் பாத்துருவோம். 2009 சனவரியில பிட்காயின் பொறந்துது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காசுதான், அதுக்கு மேல ஒண்ணுகூட அடிக்க முடியாதுன்னு அதப் படைச்சவன் அன்னைக்கே விதி எழுதிட்டான். அரசாங்கம் இஷ்டத்துக்கு நோட்டு அடிக்கக் கூடாதுங்கிறதுதான் அதோட கொள்கை. அதக் கொண்டாடுதவன் நெறையப் பேருக்கு வரின்னா ஆகாது, மானியம்னா குமட்டும். நீங்க என்னடான்னா பணக்காரன் மேல வரியப் போடு, ஏழைக்கு மானியத்தக் கூட்டுன்னு கொடி புடிக்கிய. பத்துப் பொருத்தமும் இல்லாமப் போனாலும் கல்யாணம் மட்டும் நிச்சயம் ஆயிட்டு.

இந்தக் கல்யாணத்த முன்னாலயே பண்ணிப் பாத்தவனும் உண்டு. ஸ்பெயின்ல, பார்சிலோனாப் பக்கத்துல என்ரிக் துரான்னு ஒருத்தன். 39 எடத்துல கடன் வாங்கி, 4 லட்சத்து 92 ஆயிரம் யூரோவ இயக்கங்களுக்கு வாரி விட்டுட்டு, திருப்பித் தர மாட்டேன்னு 2008ல பத்திரிகையே அச்சடிச்சு ஊர் பூரா குடுத்தான். பேங்க்ல வாங்கித் திருப்பாதவன் நம்ம நாட்டுலயும் உண்டு. ஆனா அவனுவ யாரும் அத அச்சடிச்சு வினியோகம் பண்ணல. அந்த நேர்மைக்கு நான் ஒரு கும்புடு போடுதேன்.

அதே ஆளும் கூட்டாளிகளும் 2014ல ஃபேர்கூப்னு உலகக் கூட்டுறவு ஒண்ணத் தொடங்கி, ஃபேர்காயின்ங்கிற காச அதுக்கு அஸ்திவாரமா வச்சாவ. நல்ல மனசுக்காரவதான். ஆனா ஒரு வேலை செஞ்சாவ பாரு, அதுதான் எனக்குப் புடிச்ச எடம். சந்தை என்ன விலை சொல்லுதது, நம்ம சபை கூடி விலை வைப்போம்னுட்டாவ. ஒரு காசு 1.20 யூரோன்னு தீர்மானம் ஆச்சு. 2017 கடைசியில எல்லாக் கிரிப்டோவும் கிடுகிடுன்னு ஏறுனப்போ தீர்மானத்துக்கு ஒரு குறையும் இல்ல. 2018ல சந்தை சரிஞ்சுது. வெளிய அந்தக் காசு சில சென்டுக்கு வந்துட்டு, சபையில மட்டும் 1.20லயே நிமிந்து நின்னுது. வெளிய சல்லிசா வாங்கி உள்ள முழு விலைக்குத் தள்ளலாம்னு கணக்குப் போட பட்டம் படிச்சிருக்கணுமா? கொள்கைய நம்பிக் காய்கறியும் சோப்பும் வித்தவன் கையில காசு குவிஞ்சுது, மாத்திக் குடுக்க யூரோ இல்ல. புரட்சியில நட்டப்பட்டது யாரு? நம்புனவன்தாம்லே.

அரசாங்கமே செஞ்சா பலிக்குமான்னு கேப்ப. சோசலிச வெனிசுவேலா பெட்ரோலிய இருப்பக் காட்டி 2018ல பெட்ரோன்னு ஒண்ண விட்டுச்சு. 2024 சனவரியில கடைய மூடிட்டு. மேல கேக்காத.

அமெரிக்காவுல கொஞ்சம் வெவரமா செஞ்சவன் உண்டு. தி நியூ இன்குவைரின்னு ஒரு இடதுசாரிப் பத்திரிகை 2017 நவம்பர்ல பெயில் பிளாக்னு ஒரு ஆப் விட்டுச்சு. கம்ப்யூட்டருல சும்மா கெடக்குத சக்தியில கொஞ்சத்த எடுத்து அது மொனேரோங்கிற காசத் தோண்டுச்சு. மாசா மாசம் அத டாலரா மாத்தி, நியூயார்க் பிராங்க்ஸ்ல சாமீன் கட்ட வக்கில்லாம செயில்ல கெடந்தவனுக்குக் கட்டுனாவ. வழக்கு முடிஞ்சா சாமீன் பணம் திரும்பி வரும், அடுத்தவனுக்குக் கட்டலாம். நல்ல யோசனை. ஒரு கம்ப்யூட்டருக்கு மாசம் சில டாலர்தான் தேறுச்சு, கரண்டு பில்லு கட்டுதவன் யாருன்னு மட்டும் கேக்கக் கூடாது. உங்க அப்பன் காதுல போட்டு வைக்கேன். ஆனா அவுக அந்தக் காசப் பூட்டி வச்சு விலை ஏறும்னு கனாக் காணல பாத்தியா?

நைசீரியாக் கதைதான் என் வாயையே அடச்சுது. 2020 அக்டோபர்ல போலீசு அராசகத்துக்கு எதிரா எண்ட்சார்ஸ் போராட்டம். ஃபெமினிஸ்ட் கோயலிசன்னு பெண்புள்ளைக கூடிச் சாப்பாடு, ஆஸ்பத்திரிச் செலவு, வக்கீல்னு நிதி திரட்டுனாவ. நன்கொடை வார வழிய அடச்சதும் பிட்காயினுக்கு மாறிட்டாவ, பணம் நிக்கல. வசூலையும் நிறுத்தி, கணக்கையும் வெளிய வச்சாவ. அடுத்த பிப்ரவரியில அந்த நாட்டு மத்திய வங்கி, கிரிப்டோக் கணக்கையெல்லாம் மூடுன்னு வங்கிகளுக்கு உத்தரவு போட்டுது. கதவ அடச்சா சன்னல் வேணும்னு ஒத்துக்கிடுதேன். உங்க சங்கத்துக்கு எந்தப் பேங்க் கதவ அடச்சுதுலே? கணக்கே இன்னும் தொறக்கலன்னுல்லா கேள்விப்பட்டேன்.

அரசாங்க ரகசியங்கள வெளியிட்ட விக்கிலீக்ச மறந்துட்டேன்னு நெனைக்காத. 2010 கடைசியில அதுக்கு நன்கொடை அனுப்ப முடியாதுன்னு விசா, மாஸ்டர்கார்ட், பேபால் எல்லாம் கைய விரிச்சப்போ, பிட்காயினப் படைச்ச சதோசி நகமோட்டோவே, காசு இன்னும் கொழந்தை, தாங்காது, இங்க வராதியன்னு கெஞ்சி எழுதுனான். 2011ல அவுக வாங்கத் தொடங்குனாவ, பின்னால விலை ஏறி ஆதாயம் கொட்டுச்சு. அதச் சொல்லித்தான் நீ மத்தவனையும் இழுப்ப. லாட்டரியிலயும் ஒருத்தனுக்கு விழத்தான் செய்யுது.

இன்னொண்ணு. போலீசுக்குத் தெரியாம நிதி வரும்னு தோழர் ஒருத்தன் காதோரமாச் சொன்னானாமே. பிட்காயின் கணக்குப் புத்தகம் உலகத்துக்கே தொறந்து கெடக்கு. பேரு மட்டும்தான் இல்ல, எங்க இருந்து எங்க போச்சுங்கிற தடம் அழியாது. ஒருநாள் அத ரூபாயா மாத்தப் போவியே, அங்க ஆதாரும் பான் கார்டும் கேப்பான். 2022 ஏப்ரல்ல இருந்து லாபத்துல 30 சதவீதம் வரி வேற.

பேரு இல்லாம வருதே, அதுலதான் எனக்கு வயிறு எரியுது. தேர்தல் பத்திரத்துல கட்சிக்கு யாரு குடுத்தாம்னு சனத்துக்குத் தெரியலன்னு உச்ச நீதிமன்றம் ஏறுனதுல மார்க்சிஸ்ட் கட்சியும் உண்டு. 2024 பிப்ரவரி 15ல அந்தத் திட்டமே செல்லாதுன்னு தீர்ப்பு வந்தப்போ நீயும் பட்டாசு போட்ட. இப்போ கிரிப்டோ முகவரின்னு நீளமா ஒரு எழுத்துக் கோவைய நோட்டீசுல அச்சடிச்சு, குடுக்குதவன் பேரு வேண்டாங்கிய. மில்லு முதலாளியே மில்லு தொழிலாளி சங்கத்துக்குக் காசு அனுப்புனா உனக்கு எப்படித் தெரியும்?

சரி, என் பேச்ச எப்பக் கேட்டிருக்க. வாங்கத்தான் செய்வேன்னா, வந்த அன்னைக்கே வித்து ரூபாயாக்கிரு. பேரு சொல்லாதவன் காசத் திருப்பி அனுப்பு. கணக்க மாசா மாசம் சங்கத்துச் சுவத்துல ஒட்டு. இது மூணும் கஷ்டம்னா, சந்தை அன்னைக்கு உண்டியலத் தூக்கிக்கிட்டு வாங்க. நான் நூறு ரூவா போடுதேன், ரசீது குடுக்கணும்.