பொங்கல் வாழ்த்தட்டை: சொல், பொருள், பால் வழியும் திசை

வாழ்த்தட்டை என்பது வாழ்த்து, அட்டை என்னும் இரு சொற்கள் புணர்ந்து வருவது. முன்னதைப் பற்றி ஆய்வாளரிடையே வேறுபாடு இல்லை. அதை யாரும் படிப்பதில்லை. பின்னது ஈர நிலத்து உயிரியையும் குறிக்குமாதலின், ஒட்டினால் விடாத குணம் பற்றி இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பாரும் உளர். மைதாப் பசையைக் கையாண்டவர்கள் இதை மறுப்பதில்லை.

கடையில் வாங்கிய அட்டை இவ்வாய்வில் சேராது. தை பிறக்குமுன் மதுரைப் பள்ளிப் பிள்ளைகள் பழைய கல்யாணப் பத்திரிகையைத் தாமே வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, ஜிகினா தூவி, வகுப்பில் கைமாற்றிக்கொண்ட உள்ளங்கையளவு அட்டையே ஈண்டு பொருள்.

எதையும் தொன்மையாக்குவது ஆய்வின் முதற்கடன். மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பானை உண்டு, பெயர் உண்டு, கைவேலையும் உண்டு. இல்லாதது அட்டை ஒன்றே. ஒற்றை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாலைச் சொற்பொழிவுக்குள் முழு நகரத்தையும் கட்டி முடிப்போர் இருக்கையில், இது ஒரு குறையாகாது. இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களுக்கும் முறையே 4440, 3700, 1850 ஆண்டு என எண்ணிச் சொல்கிறது. வாழ்த்தட்டை பற்றி வாய் திறக்கவில்லை. எனவே அந்தப் பகுதி கடல்கோளில் போயிற்று என்பது தெளிவு.

அளவைப் பொறுத்தவரை, 1997இல் சூரிக் நகரில் வான்ச்சி ஷ்டிர்னெமான் என்னும் ஓவியர் தொடங்கிய கைமாற்று அட்டைக்கு இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். அதை விற்கலாகாது, மாற்றிக்கொள்ளவே வேண்டும். மதுரை அட்டைக்கு அளவு, கல்யாணப் பத்திரிகையில் எழுத்தில்லாத இடம் எவ்வளவோ அவ்வளவு. விற்கலாகாது என்று இங்கே யாரும் விதிக்கவில்லை, வாங்க ஆளில்லை.

படவகை ஐந்து. கரும்பு: இரண்டு கோடும் கணுவும். சூரியன்: கம்பாஸ் இருந்தால் வட்டம், இல்லையேல் வளையல். கோபுரம்: மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக்கு நிலை ஒன்பது, அட்டையில் இடம் உள்ளவரை. காளை: தை முதல்நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என வாடிவாசல் மாறும், அட்டையில் முகம் மாறாது, கால்கள் மூன்று முதல் ஐந்து.

ஐந்தாவது பானை. அறிஞர் உலகம் பிளந்தது இங்கேதான். பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்பதை வைத்து வீட்டுக்கு வரும் ஆண்டைக் கணிப்பது வழக்கம். அட்டையில் பானைக்குப் பின்னே சூரியன் எழுகிறது. ஆகவே பார்ப்பவர் கிழக்கு நோக்கி நிற்கிறார். ஆகவே அவருக்கு இடப்புறம் வடக்கு, வலப்புறம் தெற்கு. பால் இடப்புறம் வழிந்தால் நலம். வலப்புறம் வழிந்தால் அது எமன் திசை. பொங்கலன்று நண்பனுக்கு அதையா கொடுப்பது என்று முன்பெஞ்சு மரபினர் அதிர்ந்தனர். நடுபெஞ்சு மரபினர், அது மறையும் சூரியன், பார்ப்பவர் மேற்கு நோக்குகிறார், வலமே வடக்கு என்று காத்தனர். சாயங்காலத்தில் பொங்கல் வைக்கும் வீடு எது என்னும் தடைக்கு, அத்தை வீட்டுப் பரண், தகரப்பெட்டி, பிஸ்கட் டப்பா, மேலிருந்து நான்காம் அட்டை, கறையான் தின்றது போக எஞ்சிய மூலை சான்றாகக் காட்டப்பட்டது. அந்த மூலையில் சூரியனும் இல்லை, பானையும் இல்லை என்று கடைபெஞ்சு உரையாசிரியர் குறித்துள்ளார். அவர் மேற்கோள் காட்டப்படுவதில்லை. இருபுறமும் வழியும் பானைகளே மிகுதி என்பதும் அடிக்குறிப்பிலேயே நின்றுவிட்டது. வரைந்த பிள்ளையைக் கேட்டபோது, இடப்பக்கம் மாடு நின்றதால் பாலுக்கு இடமில்லை என்றது. முறையான கல்வித்தகுதி இன்மையால் இச்சான்று ஏற்கப்படவில்லை.

கைமாற்றின் விதிகள் சுருக்கமானவை. வாங்கிய அட்டைக்குத் திருப்பி அட்டை தராதது கடன். ஜிகினா அட்டை ஒன்றுக்கு வெறும் அட்டை இரண்டு. வந்த அட்டையிலேயே அனுப்பியவர் பெயரை பிளேடால் சுரண்டி, தன் பெயரெழுதி வேறொருவருக்குத் தள்ளுவதும் உண்டு. பதிப்புத்துறையில் இதற்கு வேறு பெயர் வழங்குகிறது. அச்சுரண்டல் அட்டை இரண்டு கை மாறி முதலாமவரிடமே வந்து சேர்வது வகுப்புச் சண்டைகளின் தலையாய காரணம்.

காலத்தைக் கணிப்பதில் மட்டும் சிக்கல் இல்லை. அட்டையின் பின்புறம் மணமக்கள் பெயரும், மண்டபமும், முகூர்த்த நேரமும், மஞ்சள் தடவிய மூலையும் இருக்கும். அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த தையோ, அதற்குப் பின்னரோதான் அட்டை செய்யப்பட்டது. பால் வலப்புறம் வழியும் அட்டை வைத்திருப்போர் அதைப் படமெடுக்கையில் பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்துவைக்க வேண்டும்.