ஒன்றியல்: யானைக்கவுனிப் பாடம்

இந்நூல் என்ன நுதலிற்றோ எனின், எண்களுக்கெல்லாம் மூத்ததாகிய ஒன்றை உலகத்தார் எப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்பதை வகுத்துரைத்தல் நுதலிற்று. ஆய்வுக்களம் சென்னை யானைக்கவுனி. லைடனிலும் லைப்சிக்கிலும் பெரிய பெரிய நூலகங்கள் இருக்க இவ்விடம் ஏன் எனின், அங்கே நூல்கள் உண்டு, மூட்டை இல்லை. எண்ணுவதற்குச் சரக்கு இல்லாத ஊரில் எண்ணுப்பெயரை ஆராய்ந்து என்ன பயன்?

களத்தின் வரலாறு சுருக்கமாக. 1758இல் லாலி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டு, 1759இல் வெறுங்கையோடு திரும்பியது. அரண்டுபோன கம்பெனி கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பி, வாசல்கள் வைத்தது. அவற்றில் ஒன்றன் பெயர்தான் யானைக்கவுனி. மதில் கட்டிய செலவுக்கு ஊராரிடமே வரியும் கேட்டது. இன்று யானை இல்லை, கவுனி இல்லை, அங்கங்கே ஓரிரு துண்டு தவிர மதிலும் இல்லை. வரி மட்டும் வால்டாக்ஸ் ரோடாக நிலைபெற்றிருக்கிறது. அந்த ரோட்டில் லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது தெலுங்கும் தமிழும் உருதுவும் ஒலிக்கும். நாலு சந்து தள்ளித் தங்கசாலைத் தெருவில் மார்வாடியும் குஜராத்தியும் இந்தியும். வேறு கள ஆய்வு தேவையில்லை.

இனிச் சூத்திரம்:

ஒன்றெனச் சொல்லார் ஒன்றெண்ணு வோரே.

இதன் பொருள்: உண்மையிலேயே எண்ணிக்கொண்டிருப்பவர் எவரும் ஒன்று என்று நேராகச் சொல்வதில்லை என்றவாறு. அஃதேல், அகராதியில் உள்ள ஒன்றெல்லாம் என்னவாயிற்று எனின், அவை அகராதியிலேயே இருக்கின்றன. நூலாசிரியர் என்ற கடமைக்காக அவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.

தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒந்து, துளுவில் ஒஞ்சி, தெலுங்கில் ஒகட்டி. இவையெல்லாம் ஒரு குடும்பம் என்று 1816இல் சென்னையிலேயே அச்சில் ஏற்றியவர் கலெக்டர் எல்லிஸ். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வருவதற்கு நாற்பது ஆண்டு முன்பு. பலூச்சிஸ்தானத்தில் தனித்துப்போன பிராகூயி மட்டும் ‘அசித்’ என்கிறது. தூரத்துச் சொந்தம், கல்யாணத்துக்குப் பத்திரிகை மட்டும் அனுப்பலாம். வடக்கத்திக் குடும்பத்தில் ஏக். இதற்கு வயது அதிகம். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் கிக்குலி என்ற மிட்டானிக் குதிரைப் பயிற்சியாளர் சொன்னதை இட்டைட்டு மொழியில் எழுதிவைத்த களிமண் ஏடு ஒன்று இன்றைய துருக்கியில் கிடைத்தது. குதிரையை ஒரு சுற்று ஓட்டுவதற்கு அதிலுள்ள சொல் ‘அய்கவர்த்தன’. தங்கசாலைத் தெருவில் கச்சோரி வாங்குபவர் சொல்லும் ‘ஏக்’ அந்த ‘அய்க’வின் வாரிசு. இலத்தீனின் ஊனுஸும் ஆங்கிலத்தின் ஒன்னும் இதே வேரில் வேறு விகுதி ஏற்று வந்தவை. ஏக்குக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்க. ஆர்மீனியருடைய ‘மேக்’ அதே பெருங்குடும்பத்தில் வேறொரு வேரிலிருந்து முளைத்தது. 1772இல் இங்கே கோயில் கட்டி, உலகின் முதல் ஆர்மீனிய இதழையும் 1794இல் சென்னையிலேயே அச்சடித்த அந்தச் சமூகம் இன்று அரண்மனைக்காரத் தெருவில் ஒரு மணிக்கூண்டையும் கல்லறைகளையும் விட்டுச்சென்றிருக்கிறது. அங்கே மேக் சொல்ல ஆள் இல்லை.

கடமை முடிந்தது. இனிக் கடைவீதி.

முதலாவது வகைக்கு மங்கல ஒன்று என்று பெயரிடுகிறோம். களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலைக் கொட்டும்போது ‘ஒன்று’ என்னமாட்டார், ‘லாபம்’ என்பார். அடுத்ததுதான் ரெண்டு, மூணு. தெலுங்கிலும் அதுவே வழக்கம். பஞ்சாபில் தானியம் நிறுப்பவர்கள் அந்த இடத்தில் ‘பர்க்கத்’ என்பதுண்டு; அரபியிலிருந்து வந்த சொல், அருள் என்று பொருள். ஆக, மதம் மாறுகிறது, மொழி மாறுகிறது, ஒன்றைச் சொல்லக் கூசுவது மட்டும் மாறவில்லை. காரணம் என்னவோ எனின், ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடுமோ என்கிற பயம். சௌகார்பேட்டையில் கடை வாசலின் இருபுறமும் ‘சுப்’, ‘லாப்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கும் தமிழர் அதை அலங்காரம் என நினைக்கிறார். தம் பாட்டனார் நெல்லளந்தபோது சொன்ன அதே சொல் அங்கே நாகரி எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இவ்வகையின் உட்பிரிவு போணி. நாளின் முதல் விற்பனைக்கு அப்பெயர். வடக்கே போஹனி, இங்கே போணி. நடைபாதைக் கடை முதல் நகைக்கடை வரை எவரும் அதை ‘ஒன்றாம் விற்பனை’ என்று சொல்லிக் கேட்டதில்லை. போணி ஆகும் முன் கடன் கேட்டு நிற்பவருக்குக் கிடைக்கும் பார்வையை எந்த இலக்கண நூலும் வகைப்படுத்தவில்லை. இந்நூலும் துணியவில்லை.

அடுத்தது வேளை ஒன்று. அடகு வைத்த நகை மீட்கப்படாமல் மூழ்கிவிட்டால் ஏலத்துக்குப் போகும். ஏலக்காரர் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்பதில்லை; ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’. நகையையோ ரூபாயையோ அவர் எண்ணவில்லை. தம் வாயை எண்ணுகிறார். இதை யானைக்கவுனியின் தனிச் சிறப்பு என்று எழுதவிருந்தோம். ரஷ்யர்கள் கெடுத்துவிட்டார்கள். ரஷ்ய மொழியில் ஒன்றுக்கு ‘அதின்’ என்ற முறையான சொல் இருக்க, வாய்விட்டு எண்ணத் தொடங்கும்போது ‘ராஸ், த்வா, த்ரி’ என்றே எண்ணுகிறார்கள். ராஸ் என்றால் தரம், தடவை. அந்த மொழியில் இன்னொரு வேடிக்கை: ஒன்றுக்குப் பன்மை உண்டு. ஒரே ஒரு கைக்கடிகாரமானாலும், கடிகாரம் அங்கே எப்போதும் பன்மைச் சொல் ஆதலால், ‘ஒன்றுகள்’ என்றுதான் சொல்லியாகவேண்டும். பர்மா பஜாரில் பேரம் பேச உகந்த மொழி.

மூன்றாவது, விளையாட்டு ஒன்று. தாயக்கட்டையை உருட்டி ஒன்று விழுந்தால் அதன் பெயர் தாயம். அது விழாமல் காய் இறங்காது. அரைமணி நேரம் உருட்டியும் ஆட்டத்துக்குள் நுழைய முடியாதவர் முகத்தில் ஒன்றின் மதிப்பைக் காணலாம். பழைய கிரேக்கரும் இப்படியே. இலத்தீன் ஊனுஸுக்கு உறவான பழைய சொல்லை அவர்கள் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு ‘ஹெய்ஸ்’ என்ற வேறு சொல்லை வைத்துக்கொண்டார்கள். நீக்கிய சொல் ‘ஒய்னே’ என்ற பெயரில் பகடையின் ஒற்றைப் புள்ளியாகப் பிழைத்துக் கிடந்தது. சீட்டாட்டத்தில் இந்திக்காரர் இக்கா என்பதும் நம்மவர் ஆஸ் என்பதும் இதே வகை. மராட்டியச் சிறுவர்கள் கிட்டிப்புள் ஆடும்போது ‘வகட், லேண்ட், மூண்ட்’ என்று எண்ணுவார்கள். தெலுங்கு ஒகட்டியும் ரெண்டும் மூடும் எல்லை தாண்டிப் போய் அங்கே மாறுவேடத்தில் ஆடுகின்றன. ஏக் என்ற சொந்தச் சொல் வீட்டில் இருக்க, பிள்ளைகள் தெருவில் இரவல் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

நான்காவது, ஒட்டு ஒன்று. மொய் நூறு ரூபாய் எழுதலாகாது, நூற்றொன்று. ஐநூற்றொன்று. மொய்க் கவரே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியபடி கடையில் விற்கிறது. இந்த ஒன்றைத் தனியாக யாரும் எண்ணுவதில்லை. பூஜ்யத்தில் முடியாமல் காவல் இருப்பதே அதன் வேலை. குஜராத்திகள் இன்னும் ஒரு படி மேல். தீபாவளிக்குப் புதுக்கணக்கு போடும்போது பேரேட்டின் தலைப்பில் ‘ஸ்ரீ சவா’ என்று எழுதுவர். சவா என்பது ஒன்றேகால். ஒன்றை விடக் கொஞ்சம் கூட வேண்டும், ஆனால் இரண்டென்று பேராசைப்படலாகாது என்கிற நுட்பம் அதில் இருக்கிறது. கோயிலில் சவா ரூபாய் காணிக்கை வைப்பதும் வழக்கமாக இருந்தது. 2011 ஜூன் 30 முதல் நாலணா செல்லாது என்று ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. இன்று தெய்வத்துக்கு ஒரு ரூபாய் குறைவு, இரண்டு ரூபாய் அதிகம்.

ஒன்றாவது, முதலாவது என்ற இரண்டில் எது சரி என்று ஒரு தடை எழலாம். பல மொழிகளில் இரண்டாவது இரண்டிலிருந்தும் மூன்றாவது மூன்றிலிருந்தும் பிறக்க, முதலாவது மட்டும் ஒன்றிலிருந்து பிறப்பதில்லை. ஏக் என்பவர் பெஹ்லா என்கிறார். வாஹித் என்னும் அரபி அவ்வல் என்கிறது. மலாயில் ஒன்று ‘சத்து’, ஒரு கல் என்று பொருள்படும் பழைய தொடரின் சுருக்கம். முதலாவதோ ‘பெர்த்தாமா’, சமஸ்கிருதப் பிரதமம் கப்பலேறிப் போனது. சீனரோ ஒன்றான ‘யி’க்கு முன்னால் ஒரு ‘தி’யைச் சேர்த்து வேலையை முடித்துக்கொள்கிறார்கள். தமிழ் இரண்டையும் வைத்திருக்கிறது: சேட்டின் பேரன் படிப்பது ஒன்றாம் வகுப்பு, சேட்டு சென்ட்ரலில் ஏறுவது முதல் வகுப்பு. மாற்றிச் சொல்லிப் பார்த்தால் இருவரும் கோபிப்பார்கள். போதாக்குறைக்கு, முதல் என்றால் போட்ட பணம் என்றும் பொருள். வட்டிக்கடையில் முதல் என்ற சொல்லைக் கேட்டு எண்ணத் தொடங்குபவன் வட்டியைத்தான் எண்ணுவான்.

துறைமுகத்துக்கு வருவோம். கம்பியில்லாக் கருவியில் இரைச்சலுக்கு நடுவே எண்ணைச் சொல்லும் கப்பற்காரர்களுக்கு ஒரு பன்னாட்டுச் சொற்பட்டியல் உண்டு. அதில் ஒன்று ‘ஊனாஒன்’. இலத்தீன இனத்தாரின் ஊனாவையும் ஆங்கிலேயரின் ஒன்னையும் சேர்த்துத் தைத்தது. இரண்டில் ஒன்று காதில் விழுந்தாலும் பிழைத்தோம். சீனரோ தொலைபேசி எண் சொல்லும்போது ‘யி’ என்பது ஏழான ‘ச்சி’யோடு குழம்பும் என்று ‘யாவ்’ என மாற்றிக்கொள்கிறார்கள். ஆக, தெளிவாகச் சொல்லவேண்டிய இடத்திலும் ஒன்றின் இயற்பெயர் உதவவில்லை.

திணை பற்றி ஒரு குறிப்பு. தமிழன் ஒன்று எண்ணுவதற்குமுன் எதிரில் இருப்பது ஆளா பொருளா என்று பார்த்தாகவேண்டும்: ஒருவன், ஒருத்தி, ஒருவர், ஒன்று. தெலுங்கும் இப்படியே பிரிக்கும். இந்திக்கு இந்தத் தொல்லை இல்லை. ராயபுரத்தில் இதைக் கடக்க ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ஒண்டி. ‘இன்னா, ஒண்டிக்கு ஒண்டி வர்றியா?’ என்பதில் பாலும் இல்லை, திணையும் இல்லை, எதிரில் நிற்பவர் யாராயினும் பொருந்தும். டீக்கடையில் அதே வேலையைச் ‘சிங்கிள்’ செய்கிறது.

புறனடை. மேற்கூறிய சூத்திரத்துக்கு விலக்கே இல்லையோ, ஒன்று என்ற சொல்லை வேறு சொல் சேர்க்காமல், மாற்றுப்பெயர் இல்லாமல், உள்ளபடி சொல்வார் எவருமே இலரோ எனின், உளர். வகுப்பில் பாடம் நடக்கும்போது எழுந்து நின்று, சுண்டுவிரலைத் தூக்கி, ‘மிஸ், ஒண்ணுக்கு’ என்னும் சிறுவன். அவன் எதையும் எண்ணவில்லை. ஆதலால் சூத்திரம் பழுதுபடவில்லை. ஆங்கிலப் பிள்ளைகளும் இதற்கு ‘நம்பர் ஒன்’ என்றே சொல்வதால் இது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கன்று. இதனை எண்ணியலில் வைப்பதா வேறோர் இயலில் வைப்பதா என்று உரைகாரர்கள் விவாதிப்பதற்குள் பையன் போய்விட்டான்.