பேர்னூலி ஊரில் ஒரு குசினி

பாசல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் பேர்னூலி 1753இல் ஒரு விஷயம் சொன்னார்: ஒரே தந்தி ஒரே நேரத்தில் பல சுரங்களில் அதிரும், அதன் அசைவு அவை அத்தனையின் கூட்டல். எல்லா அசைவுக்கும் இது சரிவராது என்று மறுத்தவர் ஆய்லர், அதே பாசலில் பிறந்தவர். அடுத்த நூற்றாண்டில் ஃபூரியே வந்துதான் நியாயத்தைப் பேர்னூலி பக்கம் சாய்த்தார்.

சனிக்கிழமை எங்கள் குசினிக்கு வந்திருந்தால் ஆய்லர் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருப்பார். புகை உறிஞ்சும் விசிறி, செத்தல் மிளகாய் அரைபடும் கிரைண்டர், மகளின் வயலின், ஸ்பீக்கரில் ரொறன்ரோ மச்சாள், டிவியில் என் கிரிக்கெட். எல்லாம் கூடி ஒரே காற்றழுத்தமாகத்தான் செவிப்பறையில் மோதுகின்றன. அதற்குள்ளிருந்து நான் பிஸ்கட் டின் திறக்கும் சத்தத்தை மட்டும் மனைவி பிரித்தெடுத்துவிடுகிறாள். ஃபூரியே அதற்குப் புத்தகமே எழுதவேண்டி இருந்தது.

மேற்பொருந்துகை எனப்படும் இந்தக் கூட்டலில் இன்னொரு கொடுமை, அலைகள் ஒன்றையொன்று கடந்தபின் பழையபடியே போகும். "இஞ்சருங்கோப்பா, நீலக் குப்பைப் பையைக் கீழ கொண்டுபோய் வச்சிட்டீங்களோ?" என்ற கேள்வி, கிரைண்டர் சத்தத்தை ஊடறுத்து வந்தும் ஓர் எழுத்துத் தேயாமல் என்னிடம் வந்து சேர்கிறது.

டிவியை நிப்பாட்டச் சொன்னாள். நான் விஞ்ஞானம் பேசினேன். "கிரைண்டர் 80 டெசிபல், டிவி 80 டெசிபல் எண்டால் ரெண்டும் சேர்ந்து 160 இல்லை, 83தான். நிப்பாட்டினாலும் மூண்டுதான் குறையும்."

"அப்ப சாப்பாட்டையும் மூண்டு டெசிபல் குறைக்கிறன்" என்றாள். தட்டில் பாதிப் புட்டு விழுந்தது. கணக்கில் பிழை சொல்ல முடியாது. ஆற்றலில் மூன்று டெசிபல் குறைந்தால் சரிபாதிதான்.

பிறகுதான் இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்கினேன். வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர்மாறான அலையை அது காதுக்குள் எழுப்பும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் பூச்சியம். ஆனால், மாறாமல் ஒரே சீராக இரையும் தாழ்ந்த ஒலியைத்தான் அது நன்றாக அழிக்கும். நொடிக்கு நொடி மாறும் பேச்சு, அதிலும் உச்சஸ்தாயி, பெரும்பாலும் தப்பி வந்துவிடும். விசிறியின் ரீங்காரம் மாயமாய் மறைந்தது. நீலப் பை பற்றிய கேள்வி முன்னைவிடத் துல்லியமாகக் கேட்டது.

விமானப் பயணத்துக்கு அருமையான சாமான். வீட்டுக்கென்று யாரும் காசைக் கரியாக்காதீர்கள்.