இயந்திரம் நின்ற பிறகு

உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று மகன் வீட்டில் வந்து தங்கும் தகப்பன்மார்களுக்கு ஹைதராபாத் கச்சிபௌலியின் அடுக்குமாடிகளில் விதிக்கப்பட்டிருக்கும் காரியங்கள் இரண்டே: காலையில் பால் பாக்கெட்டை உள்ளே எடுத்துவைப்பது, மாலையில் பேரனைப் பள்ளிப் பேருந்திலிருந்து இறக்குவது. இவ்விரண்டுக்கும் நடுவே விரிந்துகிடக்கும் பகற்பொழுதில் நான் தத்துவ விசாரத்தில் இறங்கிவிடுவேனோ என்று பயந்துதானோ என்னவோ, மென்பொருள் கம்பெனியில் வேலைபார்க்கும் என் மருமான், ரேடியோவால் இயங்கும் ஹெலிகாப்டர் ஒன்றை என்னிடம் ஒப்படைத்தான்; ஒருவாறு அதைப் பறக்கவிட நான் பழகிய பின்பு, பறந்துகொண்டிருக்கும்போதே மோட்டாரை வேண்டுமென்று நிறுத்திவிட்டுப் பத்திரமாகத் தரையிறக்கும் வித்தையையும் கற்றே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஒழுங்காக ஓடுகிற யந்திரத்தை எதற்காக நிறுத்துவது என்று கேட்டேன். “அதுவா நிக்கிற அன்னிக்கு நம்மகிட்ட அனுமதி கேக்காது, மாமா” என்றான்.

ஆட்டோரொட்டேஷன் என்பது இந்த வித்தையின் பெயர். மோட்டார் நின்ற கணமே பிளேடுகளின் சாய்வைச் சுழிக்குச் சற்றுக் கீழே இறக்கிவிட்டால், கலம் தாழத் தாழ அடியிலிருந்து மேல்நோக்கிப் பாயும் காற்றே அவற்றைத் தொடர்ந்து சுழற்றும். நின்றுபோன மோட்டார் அந்தச் சுழற்சியைப் பிடித்து நிறுத்திவிடாதபடி ஒருவழிப் பேரிங் ஒன்று நடுவிலிருந்து காக்கும். ஆயுளின் பெரும்பகுதியைத் தணிக்கை இலாகாவில் பிறர் கணக்குகளைச் சந்தேகிப்பதிலேயே கழித்த எனக்கு, இது விஞ்ஞானமாக விளங்காமல் கணக்காகவே விளங்கிற்று. உயரம் என்பது வைப்புத்தொகை. சுழற்சி என்பது கைரொக்கம். வைப்பைத் தயங்காமல் உடைத்து ரொக்கமாக்கிக்கொண்டே இறங்கி வந்து, தரைக்கு அருகில் மூக்கைத் தூக்கி வேகத்தைத் தணித்து, பின் கலத்தைச் சமன்செய்து, பிளேடுகளின் சாய்வை ஏற்றி, மிச்சமிருக்கும் ரொக்கம் அனைத்தையும் ஒரே காசோலையில் எழுதித் தீர்த்துவிட வேண்டும். முன்னதாக எழுதினால் கலம் ஆளுயரத்தில் கம்பீரமாக நின்றுவிட்டுப் பிறகு பொத்தென்று விழும். தாமதித்தாலோ, எழுதவேண்டிய அவசியமே இராது. இரண்டாவது காசோலை கொடுக்கும் வழக்கம் இந்த வங்கிக்குக் கிடையாது.

சாஸ்திரம் இவ்வளவுதான். ஆனால் சாஸ்திரத்தைக் கட்டைவிரல் படித்ததில்லையே! மோட்டாரின் இரைச்சல் அடங்கிக் கலம் சரியத் தொடங்கியதும், அதைத் தூக்கிப் பிடிக்கவேண்டும் என்று விரல் துடிக்கிறது. தூக்கினாலோ பிளேடுகள் சுழற்சியை இழந்து, அரைவிநாடிக்கு முன்வரை ஆகாயவிமானமாக இருந்தது வெறும் சாமானாகிவிடுகிறது. விழுகிற பொருளை இன்னும் தாராளமாக விழவிடு என்னும் உபதேசத்தை, செலவென்ற சொல்லைக் கேட்டாலே சிவப்பு மையைத் தேடும் ஜன்மமாகிய நான் ஏற்றுக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. ஆகவே முதலில் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில்தான் அப்பியாசம் நடந்தது. அங்கே சர்வநாசமும் ஒரு பொத்தானில் சரியாகிவிடும்.

மைதானத்துக்கு வந்தபோது தேசகாலங்களும் என்னோடு ஒத்துழைக்க மறுத்தன. கச்சிபௌலியில் கண்ணாடிக் கட்டடம் முளைக்காத இடமெல்லாம் பாறை. 250 கோடி வருஷப் பழமை உடையவை என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கூறும் அந்தக் கருங்கற் பாறைகளுக்கு, அவ்வளவு மூத்தவர்களிடம் எதிர்பார்க்கக்கூடியபடியே, வழிவிடும் பழக்கம் இல்லை. ஊரோ கடல்மட்டத்துக்கு 500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சித்திரை வெயிலில் காற்று மேலும் இளைத்து, நம் கலத்தைத் தாங்குவதில் லோபித்தனம் காட்டுகிறது.

சோர்ந்துபோகும் சமயங்களில் மருமான் எனக்கு ழான் பூலேயின் கதையைச் சொல்வான். 1972 ஜூன் 21ஆம் தேதி அந்தப் பிரெஞ்சு விமானி ‘லாமா’ ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரத்துக்கு ஏறி உலக சாதனை புரிந்தார். இறங்கத் தொடங்கியதும் எஞ்சின் அணைந்துவிட்டது. உறைகுளிரில் அது மறுபடி உயிர்பெறாது போகவே, அத்தனை உயரத்தையும் ஆட்டோரொட்டேஷனிலேயே கடந்து பத்திரமாக வந்து இறங்கினார். அந்த லாமா நமக்கு அந்நியமும் அல்ல; இந்திய ராணுவம் இமயமலை உயரங்களுக்காகக் கேட்டதன்பேரில் உருவானது அது; பெங்களூரில் ஹெச்.ஏ.எல். நிறுவனம் தயாரிக்க, ‘சீட்டா’ என்ற பெயரில் சியாச்சின் பனிமலையில் உழைத்து வருவதும் அதுவே. பூலேயின் கதை எனக்கு உற்சாகம் தந்தது என்று சொல்லமாட்டேன். பன்னிரண்டு கிலோமீட்டர் வைப்புத்தொகை உள்ளவருக்கும் முப்பது மீட்டர்க்காரனுக்கும் உபதேசம் ஒன்றாக இருக்க முடியுமா? எனக்கு நெருக்கமாகத் தோன்றியது தணக்க மரம்தான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களுள் இடம்பெற்றது தணக்கம்; இன்று தணக்கு என்று வழங்கும் மரத்தின் காய், இரண்டு நீண்ட இறக்கைகளோடு, எந்தப் பயிற்சியும் இல்லாமல் சுழன்று சுழன்று இறங்குகிறது. அதற்குக் கட்டைவிரல் இல்லை என்பதே அதன் பாக்கியம்.

ஒருநாள் காலை, விரல் தன் அபிப்பிராயத்தை வெளியிடாமல் இருந்த அபூர்வ வேளையில், கலம் பிளேடுகளின் மெல்லிய சீழ்க்கை மட்டும் கேட்க இறங்கி வந்து, மூக்கைத் தூக்கி, சமனாகி, புல்மேல் உட்கார்ந்தது. பக்கத்துக் கட்டட வேலையிடத்தின் வாச்மேன் பதறி ஓடிவந்து, மோட்டார் நின்றுபோய்விட்டதா ஸார் என்று தெலுங்கில் விசாரித்தார். நாங்களேதான் நிறுத்தினோம் என்று மருமான் தனக்குத் தெரிந்த தெலுங்கில் விளக்கினான். பொது இடத்தில் நஷ்டத்தை ஒப்புக்கொள்ளக் கூசும் கௌரவஸ்தர்களை அவர் முன்பும் பார்த்திருக்க வேண்டும். என்னை இரக்கத்தோடு நோக்கி, குரலைத் தாழ்த்தி, லிங்கம்பள்ளியில் தம் மைத்துனர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பதாகவும், தம் பெயரைச் சொன்னால் கூலியைக் குறைத்துக்கொள்வார் என்றும் தெரிவித்தார். மருமான் போன் நம்பரைக் குறித்துக்கொண்டான்.