கொழும்பு பக்கம், பெருங்களத்தூர் தூரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருவன் இலங்கைக்குக் கிளம்பினால் அது தெருவுக்கே தெரியும். எழும்பூரில் மீட்டர்கேஜ் ரயிலேறி, மறைமலை அடிகளார் பெயரைச் சூட்டிக்கொண்டு அப்போதுதான் முளைத்துவந்த மறைமலை நகரை ஜன்னல் வழியே கடந்து, ராமேஸ்வரத்தில் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துப் போன கதையைச் சொன்னால், நானும் ராஜேந்திர சோழன் படையில் போய்வந்தவன் என்றே பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். கப்பலில் முன்பின் தெரியாதவர்களோடு பங்கிட்டுத் தின்ற புளியோதரையின் ருசி அவர்களுக்கு எப்படிப் புரியும்? இப்போது விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கொழும்பில் இறக்கிவிடுகிறது. மறைமலை நகரிலிருந்து வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் என்று ஜிஎஸ்டி சாலையில் ஊர்ந்து மீனம்பாக்கம் சேரத்தான் அதைவிட நேரமாகிறது.

அன்று பார்க்கப்போன சிகிரியா பாறை மட்டும் அப்படியே நிற்கிறது. தந்தை தாதுசேனனைக் கொன்று 477-இல் அரியணை ஏறிய காசியப்பன், தப்பியோடிய தம்பி முகலனுக்குப் பயந்து, சுமார் 200 மீட்டர் உயரப் பாறையின் உச்சியில் அரண்மனை கட்டினான். தம்பி நம் பக்கத்திலிருந்து படை திரட்டிக்கொண்டு 495-இல் வந்தபோது, இவன் பாறையை விட்டு இறங்கிவந்து சமவெளியில் சண்டையிட்டு மாண்டான். பெல்பாட்டம் ஒவ்வொரு படியையும் பெருக்கிக்கொண்டு வர, அன்றைய நான் இந்தக் கதையைக் கூட வந்த சித்தப்பாவுக்குப் பேச்சுப்போட்டி பாணியில் முழங்கியபடியே ஏறினேன். சித்தப்பா, பாவம், உச்சி வரை "அப்படியாப்பா" என்றே வந்தார். இப்போது, குளவிகள் கலையும், சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தேவையே இல்லை. மூச்சு வாங்குகிற வேகத்தில் பேச்சு எங்கே வருகிறது?

பாதி உயரத்தில் இருக்கும் கண்ணாடிச் சுவர்தான் எனக்கு எப்போதும் வேடிக்கை. பாறையில் தீட்டிய ஓவியப் பெண்களைப் பார்த்துச் சொக்கிப்போன பழங்காலத்து யாத்திரிகர்கள் அதில் கீறிவைத்த பாட்டுகளில் 685-ஐத் தொல்லியல் அறிஞர் பரணவிதான படித்தெடுத்து 1956-இல் புத்தகமாக்கினார். அவை இன்று சிங்கள இலக்கியம். 2015-இல் அதே சுவரில் பெயரைக் கிறுக்கிய இளம்பெண் ஒருத்திக்கு இரண்டாண்டுச் சிறை விதித்தார்கள், பிறகு ஜனாதிபதி மன்னித்தார். நூற்றாண்டுக் கணக்கில் முந்திக்கொண்டால் கவிஞர், பிந்திவிட்டால் கைதி!

கீழே தோட்டத்தில் அந்தக் காலத்து நீரூற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் பீறிடுகின்றன. போன வருஷம் போட்ட எங்கள் தெரு வடிகாலைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

போகிறவர்கள் முட்டி ஒத்துழைக்கிற வயதிலேயே போய்விடுங்கள். படிகள் ஆயிரத்துக்கு மேல். லிப்ட் இன்னும் வைக்கவில்லை.