மார்ஜார நிவாரணம்: கீரைப் பாத்தியை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

கொல்லைப்புறத்தில் நாலு முழம் நிலத்தைக் கொத்திப் புரட்டி, கட்டி உடைத்து, மக்கிய எரு கலந்து, முளைக்கீரை விதையை மணலோடு விரவித் தூவிய எவரும், மறுநாள் காலையில் பாத்தியின் நட்டநடுவே ஒரு சிறு குழியும் அதையொட்டி ஒரு சிறு மேடும் தோன்றியிருக்கக் கண்டு மனம் கலங்காதிருந்ததில்லை. மேட்டில் வாரிக் குவிக்கப்பட்ட விதைகளெல்லாம் நாலைந்து நாளில் குடுமி போல் ஒரே கொத்தாக முளைப்பதும், சுற்றிலும் பொட்டலாகக் கிடப்பதும் இந்நோயின் பிரதான லட்சணங்கள். இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் சாஸ்திரோக்தமாக விசாரிப்பதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

முதலில் பிரதிவாதியின் வம்சாவளி. 1758இல் லின்னேயஸ் என்னும் சுவீடன் தேசத்துப் பண்டிதர் ‘பீலிஸ் காட்டஸ்’ என்று நாமகரணம் செய்த இப்பிராணி, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் திரிந்த காட்டுப் பூனையின் சந்ததி. வறண்ட பிரதேசத்து வம்சமாதலால், உலர்ந்து பொலபொலவென்றிருக்கும் மண்ணைக் கண்டால் தோண்டவும், காரியம் முடிந்ததும் மூடவும் அதற்குப் பூர்வவாசனை உண்டு. கீரையின்பாலோ கத்தரியின்பாலோ அதற்கு யாதொரு அபேட்சையும் கிடையாது. நாம் இடுப்பொடியப் பக்குவப்படுத்திய மண்ணின் அருமையை நமக்கடுத்தபடி அறிந்த ரசிகர் அது ஒன்றே.

அரசநீதி வகுத்த நான்கு உபாயங்களும் இவ்விஷயத்தில் பரீட்சிக்கப்பட்டே இருக்கின்றன. சாமம் பயன்படாது: மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில், காலடியில் எலிகள் சூழ, முன்னங்கால்களை உயர்த்தித் தவக்கோலம் பூண்டு நிற்கும் பூனையைப் பார்த்தவர்கள், இவ்வினத்தின் சாதுத்தனத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது பல்லவர் காலத்திலேயே தீர்மானமாகிவிட்டதை உணர்வார்கள். தானம், அதாவது ஒரு கிண்ணம் பால், ஒரு பூனையை மூன்றாக்கும். பேதத்தின் பொருட்டு நாய் வளர்த்தால், பூனையைவிட ஆழமாக நாய் தோண்டும். தண்டமாகிய கல் பூனைமீது படுவதில்லை. பூசணிக்காய்மீது பட்டே தீரும்.

இவை ஒருபுறமிருக்க, தோட்டக்காரர் தம்மையறியாமலே விடுக்கும் அழைப்பு ஒன்றுண்டு. பூனைவணங்கி என்று வைத்தியர்கள் வழங்கும் குப்பைமேனியின் வேரில் பூனைகளை மயக்கும் ஒரு குணம் இருக்கிறது. களையெடுத்தவர் அதை வேரோடு பிடுங்கி வரப்பிலேயே போட்டுப் போனால், தெருப் பூனைகள் தேடிவந்து அதன்மேல் புரண்டு பரவசமடையும். பக்கத்திலேயே புதுப் பாத்தியும் அமைந்துவிட்டால் கேட்பானேன்!

ஆகவே, பூனையைத் திருத்தும் முயற்சியைக் கைவிட்டு மண்ணைத் திருத்துக என்பதே சித்தாந்தம். பிடுங்கிய குப்பைமேனியை அப்புறப்படுத்தி, முளை காணும்வரை பாத்தியின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, பிறகு கீற்றை எடுத்துவிட்டுச் சுள்ளிகளைச் சாணுக்கும் குறைந்த இடைவெளியில் நட்டு, மண்ணில் ஈரம் உலராமல் பார்த்துக்கொண்டு, கொல்லையின் ஒரு மூலையில் காய்ந்த மணலையும் குவித்து வைத்தால், பூனை தனக்குகந்த ஸ்தலத்தைப் பெரும்பாலும் தானே தெரிந்துகொள்ளும்.

மிளகாய்த்தூள், ஆரஞ்சுத் தோல், காப்பிச் சக்கை என்று வீட்டுக்கு வீடு ஒவ்வொன்றைக் கைகண்ட ஔஷதமாகச் சத்தியம் செய்வதன் ரகசியமும் இதனால் விளங்கும். மூன்று வாரத்துக்குள் கீரை அடர்ந்து மண்ணை மறைத்துவிடுகிறது. தோண்ட இடமில்லாத பூனை வேறு பாத்தி பார்த்துப் போய்விடுகிறது. அந்தச் சமயத்தில் எது தூவப்பட்டிருந்ததோ அதற்கே கீர்த்தி முழுவதும் போய்ச் சேருகிறது.