பல்பைக் கழட்டிடவா?

பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடிக்கப் போகையில் காடியின் மஞ்சள் விளக்கு எரிந்தது. கிள்ளான் பட்டறையில் ஸ்கேனரைச் செருகினால் பி0131: ஆக்சிஜன் சென்சாரில் வோல்டேஜ் குறைவு. "சென்சார் போச்சுண்ணே, மாத்திடலாம்" என்றார் மெக்கானிக் தம்பி. மாற்றினோம். மூன்றாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது.

இந்தச் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஊஞ்சலாட வேண்டும். அடியிலேயே கிடந்தால் புகையில் ஆக்சிஜன் மிச்சம் என்று பொருள். இருந்தது. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் மயிரிழை விரிசல், வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பழைய சென்சார் பார்த்ததைத்தான் சொன்னது. வேலை போயிற்று.

"பல்பைக் கழட்டிடவாண்ணே?" என்றார் தம்பி, சமாதானமாக.

சிரிக்காதீர்கள். புகைமூட்டக் காற்றின் மாசுக் குறியீட்டையே 1999 முதல் மலேசிய அரசாங்கம் ரகசியமாக வைத்திருந்தது, சுற்றுப்பயணிகள் பயந்துவிடுவார்களாம். 2005 ஆகஸ்டில் மூடியைத் திறந்தார்கள். கிள்ளான் துறைமுகத்தில் எண் 500-ஐத் தாண்டியிருந்தது. அவசரநிலை அறிவிக்கும்படி ஆயிற்று.

என் விளக்கு இன்னும் எரிகிறது. வெல்டிங்காரர் சனிக்கிழமை வருகிறாராம். எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை.